போட்ஸ்டாம் நகரத்து மங்கையர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

போட்ஸ்டாம் என்ற ஊர்ப் பெயரைப் பள்ளியில் வரலாறு படித்த எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். 1945ஆம் ஆண்டு ட்ரூமனும் ஸ்டாலினும் சர்ச்சிலும் கூடிப் பேசிய ஊர் அது. பேச்சு முடிவதற்குள் சர்ச்சில் தேர்தலில் தோற்றுப்போக, அவர் நாற்காலியில் அட்லி வந்து அமர்ந்தார் என்பதை ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்தோம் அல்லவா? அதே ஊரில் ஒரு மகளிர் கால்பந்துக் கழகம் இருக்கிறது என்பதும், அது இருமுறை ஐரோப்பாவிலேயே தலைசிறந்த கழகமாக வாகை சூடியது என்பதும் சென்ற ஆண்டு வரை எனக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டிய தேவை விடுதியில் வந்தது. மகளிர் கால்பந்து பற்றிப் பேச்சு எழுந்தால் பார்சிலோனா, லியோன், ஆர்சனல், செல்சி என்று நான்கைந்து பெயர்களே அங்கு உருளும். எல்லாம் ஆண்கள் கழகங்களின் பெயர்கள். பின்னால் 'மகளிர்' என்று ஒரு வால். ஒருநாள் இரவு என் அறைத்தோழி தீர்ப்பே எழுதிவிட்டாள்: "ஆம்பளைங்க கிளப்பு கை கொடுத்த பிறகுதான்டி பொம்பளைங்க ஆட்டமே ஆட்டமாச்சு. அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தரும் தாமதமான விடை. படிக்கும் ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் நடுவர்களாக இருக்கட்டும்.

கழகத்தின் பெயர் டர்பைன் போட்ஸ்டாம். இயற்பியல் மாணவிக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் மின் நிலையம்தான் கண்முன் வரும். அந்த எண்ணம் சரியானதே! பழைய கிழக்கு ஜெர்மனியில் விளையாட்டுக் கழகங்கள் தொழிற்சாலைகளையும் துறைகளையும் ஒட்டியே அமைந்தன. ரயில்வே தொழிலாளர் கழகம் என்றால் 'லோகோமோட்டிவ்', வேதியியல் ஆலை என்றால் 'கெமி', எந்திரத் தொழிற்சாலை என்றால் 'மோட்டார்'. மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக் கழகத்துக்கு 'டர்பைன்' என்று பெயர். அந்த நிறுவனத்தில் பெண்களுக்கென ஒரு கால்பந்து அணி தொடங்கப் போகிறோம், விருப்பமுள்ளோர் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு சிறு அறிவிப்பு ஒட்டப்பட்டது. பெயர் கொடுத்தார்கள். 1971 மார்ச் 3ஆம் நாள் அணி பிறந்தது. பயிற்சியாளர் வேண்டுமே! அங்கேயே பணியாற்றிய பெர்ன்ட் ஷ்ரோடர் என்பவர், முன்பு கோல்கீப்பராக ஆடியவர், அந்தப் பொறுப்பை ஏற்றார். சில மாதங்களுக்கு என்று நினைத்துத்தான் ஏற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1992 வரை இருந்தார். 1997இல் திரும்பி வந்து 2016 வரை இருந்தார்.

அந்த 1971ஆம் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம், மேற்கு ஜெர்மனியில், கால்பந்துச் சங்கம் 1955 முதல் பெண்கள் ஆட்டத்துக்குத் தடை போட்டிருந்தது. ஆட்டம் பெண்ணின் உடலுக்கும் உள்ளத்துக்கும் கேடு விளைவிக்கும் என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்! அந்தத் தடை நீங்கியதே 1970இல்தான். கால்பந்தின் தாயகம் என்று மார்தட்டும் இங்கிலாந்தில் 1921இல் போட்ட தடை 1971இல் நீங்கியது. ஐம்பது ஆண்டுகள்! பெண்கள் ஆட்டம் ஏன் பின்தங்கியது என்று கேட்பவர்கள் முதலில் இந்த ஐம்பதைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

கிழக்கு ஜெர்மனியில் தடை இல்லை, ஆதரவும் இல்லை. ஒலிம்பிக்கில் பதக்கம் தரும் விளையாட்டுகளுக்கு அந்த அரசு பணத்தைக் கொட்டியது. மகளிர் கால்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்தது 1996இல்தான். எனவே அது பொழுதுபோக்கு வகையில் வைக்கப்பட்டது. 1979 முதல் நாடு தழுவிய போட்டி நடந்தது என்றாலும் அதற்கு 'சாம்பியன் பட்டம்' என்ற பெயரைத் தர மனம் வரவில்லை; 'சிறந்தோரைத் தேர்ந்தறிதல்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். பெயரில் கூடவா கஞ்சத்தனம்? அந்தப் பெயரில்லாப் பட்டத்தை டர்பைன் மங்கையர் 1981, 1982, 1983, 1985, 1986, 1989 என ஆறு முறை வென்றார்கள்.

மேற்கு மட்டும் வாழ்ந்ததா என்ன? 1989இல் மேற்கு ஜெர்மனி மகளிர் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. சங்கம் அவர்களுக்குத் தந்த பரிசு பீங்கான் காப்பிக் கோப்பைகள் கொண்ட ஒரு செட்! ஐரோப்பாவை வென்று வந்தவளுக்குக் காப்பி போடத்தான் நினைவூட்டத் தோன்றியிருக்கிறது. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இனி நான் சொல்லப் போவது இந்த வரலாற்றிலேயே என் மனத்தை மிகவும் தைத்த செய்தி. கிழக்கு ஜெர்மனிக்கு ஒரு தேசிய மகளிர் அணி இருந்தது. அது தன் வாழ்நாளில் ஆடிய ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. 1990 மே 9ஆம் நாள், போட்ஸ்டாமின் பாபெல்ஸ்பெர்க் பகுதியில் உள்ள கார்ல் லீப்க்னெக்ட் மைதானத்தில், செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக. பயிற்சியாளர் அதே ஷ்ரோடர். 0–3 என்று தோற்றார்கள். பெர்லின் சுவர் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே திறந்தாயிற்று. அக்டோபர் 3ஆம் நாள் அந்த நாடே இல்லாமற் போயிற்று. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு நாடு தன் பெண்களுக்கு ஒரே ஒரு ஆட்டத்தைக் கொடுத்துவிட்டு மறைந்தது.

நாடு மறைந்தபின் அதன் தொழிற்சாலைகளை அண்டியிருந்த விளையாட்டுக் கழகங்கள் பல திக்கற்றுப் போயின. டர்பைன் தள்ளாடி, 1994இல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல்நிலைப் போட்டியான பண்டஸ்லீகாவுக்கு ஏறியது. 1999இல் மகளிர் கால்பந்துக்கு மட்டுமேயான தனிக் கழகமாகப் பதிவு செய்துகொண்டது. இதுதான் என் வாதத்தின் அச்சாணி. அவர்களுக்கு மேலே ஓர் ஆண்கள் கழகம் கிடையாது. மைதானம் யாருக்கு, பேருந்து யாருக்கு, பணம் யாருக்கு என்ற வினாவுக்கு அங்கு ஒரே விடைதான்.

பலன் விரைவிலேயே வந்தது. 2004இல் லீக் பட்டமும் ஜெர்மன் கோப்பையும் ஒருசேரக் கிடைத்தன. கடைசி நாளில், ஆண்டாண்டாகக் கோலோச்சிய பிராங்க்பர்ட் கழகத்தை அதன் சொந்த மண்ணிலேயே 7–2 என்று வீழ்த்திப் பட்டம் கொண்டார்கள். ஒரு செய்தியை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். நாடு ஒன்றானபின் பழைய கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஆண்கள் கழகம் ஒன்றுகூட 2025 வரை பண்டஸ்லீகா பட்டத்தை வென்றதில்லை. பெண்கள் வென்றார்கள்; 2004, 2006, 2009, 2010, 2011, 2012 என்று ஆறு முறை வென்றார்கள். கோப்பையை 2004, 2005, 2006 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எடுத்தார்கள். 2009ஆம் ஆண்டுப் பட்டம் வந்த விதம் வேடிக்கையானது. பேயர்ன் மியூனிக் மகளிரும் இவர்களும் புள்ளிகளில் சமம். கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல் கூடுதல்! ஆண்டு முழுதும் எத்தனையோ ஆட்டங்களில் 'இன்னொன்று எதற்கு' என்று எவளாவது ஒருத்தி ஓடாமல் நின்றிருந்தால் பட்டம் கை மாறியிருக்கும்.

ஐரோப்பியப் போட்டிக்கு வருவோம். மகளிர் கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையே 2001இல்தான் தொடங்கியது. ஆண்களுக்கு அது 1955இலேயே வந்துவிட்டது. 2005இல் டர்பைன் முதன்முறை இறுதிக்கு வந்து, ஸ்வீடனின் யூர்கோர்டன் அணியை ஸ்டாக்ஹோமில் 2–0 என்றும், சொந்த ஊரில் 3–1 என்றும் வென்றது. கோல் காத்தவர் நாடின் ஆங்கரர். 2007 உலகக் கோப்பையில் ஒரு கோல்கூட விடாமல் ஜெர்மனிக்குக் கோப்பை வாங்கித் தந்த அதே ஆங்கரர்தான். மறு ஆண்டு இறுதியில் பிராங்க்பர்ட்டிடம் இரு ஆட்டங்களிலும் தோற்றார்கள். அதை நீட்டி எழுத மனமில்லை.

2010ஆம் ஆண்டைத்தான் எழுத வேண்டும். போட்டிக்குச் சாம்பியன்ஸ் லீக் என்று புதுப் பெயர் சூட்டிய முதல் ஆண்டு. மே 20ஆம் நாள், ஸ்பெயினில் ஹெட்டாபே நகரில் இறுதி ஆட்டம். எதிரே லியோன். அந்த லியோன் மகளிர் அணி 2004இல்தான் செல்வமிகு ஆண்கள் கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. 120 நிமிடம் ஓடியும் கோல் இல்லை. பெனால்டி உதைகள். டர்பைன் கோல் வாயில் நின்றவள் அன்னா பெலிசிடாஸ் சார்ஹோல்ஸ். வயது பதினேழு! இரண்டு உதைகளைத் தடுத்தாள். தானே ஓர் உதை உதைத்துக் கோலும் போட்டாள். முடிவு 7–6. போட்ஸ்டாம் ஐரோப்பாவின் வாகையர்.

பொங்கல் விடுமுறையில் இந்தப் பெனால்டிக் காட்சியை என் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். பீடி சுற்றுகிற தட்டை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தார். கால்பந்து என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. "பதினேழு வயசுப் பிள்ளையா? இம்புட்டுக் கூட்டத்துல பயப்படாமலா நிக்கா? இன்னொருக்கப் போடு" என்றார். மூன்று முறை போட்டேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்; கால்பந்து பற்றி அம்மா என்னிடம் ஏதேனும் கேட்டது அதுவே முதல் முறை.

மறு ஆண்டு 2011இல் லண்டனில் இவ்விரு அணிகளே மீண்டும் இறுதியில் மோதின. இம்முறை லியோன் 2–0. அந்த ஒரு முடிவோடு காலமே திரும்பிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டி தொடங்கியதிலிருந்து 2010 வரை ஒன்பது கோப்பைகள். பிராங்க்பர்ட் மூன்று, ஸ்வீடனின் உமியோ இரண்டு, போட்ஸ்டாம் இரண்டு, டுயிஸ்பர்க் ஒன்று, ஆர்சனல் ஒன்று. ஆர்சனல் நீங்கலாக எட்டும் பெரிய ஆண்கள் கழகத்தின் நிழல் படாத அணிகள் வென்றவை! 2011 முதல் 2025 வரை பதினைந்து கோப்பைகள். அவற்றில் 2015இல் பிராங்க்பர்ட் வென்ற ஒன்றைத் தவிர மற்றப் பதினான்கும் பெரும் ஆண்கள் கழகங்களின் மகளிர் அணிகளுக்குப் போயின. அந்தப் பிராங்க்பர்ட்டும் 2020இல் ஐன்ட்ராக்ட் என்ற ஆண்கள் கழகத்தோடு இணைந்துவிட்டது. டுயிஸ்பர்க் நொடித்துப் போய், 2014 பிறப்பதற்குள் வேறொரு ஆண்கள் கழகத்தின் அணியாக மாறிவிட்டது.

தோழியே, நீ கேட்ட "அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" என்ற வினாவுக்கு இந்த எட்டுதான் விடை.

ஜெர்மனிக்குள்ளும் இதே கதை. வோல்க்ஸ்வேகன் கார் நிறுவனம் தாங்கும் வோல்ஸ்பர்க் கழகம் 2013இல் லீக், கோப்பை, ஐரோப்பியப் பட்டம் மூன்றையும் அள்ளியது. அந்த ஆண்டு முதல் 2025 வரை பதின்மூன்று லீக் பட்டங்களும் வோல்ஸ்பர்க், பேயர்ன் என்ற இரண்டே கதவுகளைத் தட்டின. போட்ஸ்டாமில் முளைத்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நார்வேயின் ஆடா ஹெகர்பெர்க் என்ற இளம்பெண் போட்ஸ்டாமில் ஆடிவிட்டு 2014இல் லியோனுக்குப் போனாள். 2018இல் பெண்களுக்கு முதன்முதலாகத் தரப்பட்ட தங்கப் பந்து விருதை அவளே பெற்றாள். போனவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல சம்பளம் வரும் இடத்துக்கு உழைப்பவள் போவாள்; நாமும் அதற்காகத்தானே பட்டம் படிக்கிறோம்?

2022இல் டர்பைன் லீக்கில் நான்காவது. ஜெர்மன் கோப்பை இறுதியில் வோல்ஸ்பர்க்கிடம் 0–4 தோல்வி. அடுத்த ஆண்டே, 2023இல், கடைசி இடம். 29 ஆண்டுகள் இருந்த மேல்நிலையிலிருந்து கீழே இறங்கியது. 2024இல் ஏறியது. 2025இல் மறுபடி இறங்கியது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள் ஆவேன். 2022 ஏப்ரலில் பார்சிலோனா மகளிர் ஆட்டத்தைக் காண 91,648 பேர் ஒரே மைதானத்தில் கூடினார்கள். போட்ஸ்டாம் மைதானத்தின் கொள்ளளவு பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும். முழுநேரச் சம்பளம், நல்ல புல்தரை, மருத்துவர், தொலைக்காட்சி – இவையெல்லாம் பெரிய கழகங்கள் வந்தபின் பெருகின. லியோன் கழகத் தலைவராக இருந்த ழான் மிஷேல் ஓலாஸ் பெண்கள் அணிக்குச் செலவிடத் தயங்காதவர். மேலும், டர்பைன் கழகத்திடமும் குறை உண்டு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே மனிதரின் தோளில் ஒரு கழகம் நின்றது. அவர் மிகக் கண்டிப்பானவர் என்கிறார்கள். அந்தத் தோள் விலகும் நாளுக்கு ஏற்பாடு வேண்டாமா? தனித்து நிற்பது வேறு, ஒருவரை மட்டும் நம்பி நிற்பது வேறு.

ஆயினும் நான் கேட்பது இதுதான். பெரிய வீட்டின் திண்ணையில் இடம் கிடைத்தவளுக்கு, அந்தத் திண்ணை என்றும் நிலைக்கும் என்று யார் உறுதி சொன்னார்கள்? இங்கிலாந்தில் நாட்ஸ் கவுண்டி மகளிர் அணி 2017இல், போட்டித் தொடர் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, கலைக்கப்பட்டது. கழகத்தைப் புதிதாக வாங்கியவர் கணக்குப் பார்த்தார், பெண்கள் அணிக்குச் செலவு கட்டாது என்றார், முடிந்தது. ரெடிங் கழகம் பணச் சிக்கலில் மாட்டியபோது, அதன் மகளிர் அணி 2024இல் இரண்டாம் நிலையிலிருந்து விலகி ஐந்தாம் நிலைக்கு இறங்க நேர்ந்தது. ஆண்கள் அணி தோற்றாலும் ஜெயித்தாலும் கத்தி முதலில் விழும் இடம் எது என்பது தெரிகிறது அல்லவா? டர்பைன் இறங்கியதும் பணமில்லாமல்தான். ஆனால் அது தன் ஆட்டத்தில் தோற்று இறங்கியது. ஏறுவதற்கும் யாரையும் கேட்கத் தேவையில்லாமல் ஏறியது.

நான் படித்த பள்ளியில் பையன்கள் ஆடி முடித்தபின், வெளிச்சம் மிச்சமிருந்தால், பெண்களுக்கு மைதானம் உண்டு. பந்து, தையல் பிரிந்த பழைய பந்து. புதுப் பந்து கேட்டதற்கு, "முதல்ல பையங்க ஜோனல் ஜெயிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். பையன்கள் ஜோனல் ஜெயித்தார்கள். அந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்தது அவர்களுடைய பழைய ஜெர்சி. இதனால்தான் அறைத்தோழியின் தீர்ப்பு என்னை அத்தனை உறுத்தியது போலும். நாங்கள் கேட்டது பிறர் வெற்றியில் மிஞ்சும் பங்கு இல்லை. வாரத்தில் இரண்டு மாலை, எங்களுக்கென்று எழுதி வைத்த நேரம்.

பாராட்டுக்குரிய செய்தி ஒன்றுடன் நிறுத்துகிறேன். நம் கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணி தொடங்கலாம் என்று உடற்கல்வி இயக்குநர் அவர்கள் ஒப்புக்கொண்டு, செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மாலையும் மைதானத்தை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். அலுவலகத்தின் அருகே உள்ள பலகையில் அறிவிப்பு ஒட்டி இரண்டு வாரமாகிறது. தாவரவியலிலிருந்து மூவர், தமிழ்த் துறையிலிருந்து நால்வர், வணிகவியலிலிருந்து ஒருத்தி, என்னைச் சேர்த்து ஒன்பது பேர். கால்பந்து பார்ப்பதோடு சரி என்று சொல்லிக்கொண்டிருந்த என் அறைத்தோழியும் முந்தாநாள் பலகையருகே நின்று அறிவிப்பை இரண்டு முறை படித்ததை நான் பார்த்தேன். இன்னும் இருவர் வேண்டும். கோல்கீப்பர் இடம் காலியாக இருக்கிறது.